ஓடுகிறவரின் காலில் சப்பாத்து இருந்தால்

எங்கள் ஊரில் நடுவயது ஆள் ஒருவர் ரோட்டில் ஓடினால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். கடலில் போட் பிரண்டிருக்கும், இல்லாவிட்டால் கிணற்றில் பிள்ளை விழுந்திருக்கும். உடம்புக்கு நல்லது என்று ஓடுகிற ஆளை எங்கள் தாழ்வுபாட்டுக் கிராமம் அதுவரை கண்டதில்லை. அப்பாதான் முதல் ஆள்.

முதல் நாள் வெறுங்காலோடுதான் வெளிக்கிட்டார். பழைய காற்சட்டை, கழுத்தில் ஒரு துவாய். கம்பஸ் லீவில் வந்திருந்த நான் கேற்றடியில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா நாலு வீடு தாண்டவில்லை, அதற்குள் சனம் வெளியே வந்துவிட்டது. கருவாடு காயப்போடுகிற மாமி பனையோலைக் கடகத்தைக் கீழே போட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய புருஷனும் இரண்டு மகன்மாரும் அப்போது கடலில்.

“தம்பி! ஆர்ர போட்?”

“ஒண்டுமில்லை அக்கா. சும்மா ஓடுறன்.”

“சும்மாவோ?”

“ஓம் அக்கா. சுகருக்கு.”

மாமி நெஞ்சில் கையை வைத்தபடி வேலியோடு சாய்ந்துவிட்டார். “உங்கட சுகரைக் குறைக்க எனக்குப் பிறெசரை ஏத்திப்போட்டியளே! தாலியையும் ஒருக்காத் தொட்டுப் பாத்திட்டன்.”

அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்து தீர்ப்பும் சொல்லிவிட்டார். “தம்பி, ஓடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா சப்பாத்தைப் போட்டிட்டு ஓடுங்கோ. நல்லா எடுப்பான கலரில வாங்குங்கோ. செத்த செய்தி கொண்டு ஓடிவாறவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரமாட்டான். நாங்கள் காலைப் பாப்பம். சப்பாத்தெண்டா உள்ள போயிடுவம்.”

அப்பா மன்னார் டவுனுக்குப் போய் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சோடி வாங்கி வந்தார். இருட்டிலும் தெரியும். “வலைக்குக் கட்டுற மிதவை மாதிரிக் கிடக்கு” என்றார் அம்மா. ஆனால் மாமியின் சட்டம் வேலை செய்தது. அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டதும் வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்க்கும், நேரே காலைப் பார்க்கும், செம்மஞ்சளைக் கண்டதும் உள்ளே போய்விடும். கொஞ்ச நாளில் எட்டிப் பார்ப்பதும் நின்றுவிட்டது.

அப்பா ஒரு கந்தோரில் கிளாக்கர். கதிரையிலேயே இருந்து வயிறு வைத்தவர். கிளினிக்கில் சுகர், பிறெசர், கொலஸ்ட்ரோல் என்று மூன்றையும் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். ஆனால் அவரை ஓட வைத்தது டொக்டர் இல்லை. பெரியப்பா. அப்பாவின் தமையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வயிறாரச் சாப்பிட்டு, கதிரையில் சாய்ந்தார். எழும்பவில்லை. அப்போது அவருக்கு இப்போதைய அப்பாவின் வயதுதான். அதற்குப் பிறகு அப்பா எங்கள் வீட்டுச் சாய்வுக் கதிரையில் இருப்பதே இல்லை. அது கிடக்கிற மூலையால் போகும்போதுகூட நாய் படுத்திருப்பதைப் போல ஒதுங்கிப் போவார்.

கதிரையில் இருந்தால் செத்துவிடுவேன் என்று அப்பா பயந்தார். ஓடினால் செத்துவிடுவார் என்று அம்மா பயந்தார். நான் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தேன். பிறகு நானும் பயந்தேன். அது வேறு கதை. இல்லை, அதுதான் இந்தக் கதை.

“நீ பின்னால ஓடு” என்றார் அம்மா என்னிடம். “அவர் விழுந்தா உடன எனக்கு வந்து சொல்லு.”

“விழுந்தாப் பிறகு சொல்லி என்ன செய்யிறது?”

“வாயைக் கழுவு!”

அப்படித்தான் நான் மெய்ப்பாதுகாவலர் ஆனேன். கம்பஸில் வலைப்பந்து ஆடுகிறவள், யூடியூப்பில் ஓட்டத்தைப் பற்றி இருக்கிற எல்லாவற்றையும் பார்த்து முடித்தவள் என்ற பில்டப்போடு போனேன். முதல் கிழமை உடைமரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தது நான்தான். அப்பா பக்கத்தில் நின்று முதுகைத் தடவிவிட்டு, “வலைப்பந்துக் கோர்ட் சின்னனோ பிள்ளை?” என்று கேட்டார். பயங்கர அவமானம்.

இரண்டாம் கிழமை என் போனையும் தடை செய்தார். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடி, ரோட்டின் நடுவில் நின்ற கழுதையின் பின்பக்கத்தில் நான் மோதப் போனதுதான் காரணம். “போனை வீட்டை வைச்சிட்டு வா. கண்ணும் காதும் போதும்.”

தார் ரோட்டில் ஓடினால் முழங்கால் நொந்தது. மணலில் ஓடினால் கெண்டைக்கால் இறுகியது. விடிய எழும்பும்போது குதிக்கால் நிலத்தில் பட்டால் அப்பா “மாதாவே” என்று துள்ளுவார். தண்ணீர்ப் போத்தலை மீன் பெட்டிக்குள் ஐசோடு வைத்துக் குளிரவிட்டு, கதிரை நுனியில் இருந்து, அதைக் காலுக்குக் கீழே உருட்டுவார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“மீனுக்கு வைச்ச ஐசுக்குள்ள காலுக்கு உருட்டின போத்தல். இனி அந்த மீனை ஆர் தின்னுறது?”

“நீ மீனைத் தின்னப்பா. காலை நான் வைச்சிருக்கிறன்” என்பார் அப்பா.

ஒன்று கவனித்தேன். கால் நொந்தால் அப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. புது வலி ஒன்று வந்தால் முதலில் அப்படியே நிற்பார், முகம் இறுகும், எங்கே நோகிறது என்று உள்ளுக்குள் தேடுவார். முழங்கால்தான், குதிக்கால்தான் என்று தெரிந்ததும் மூச்சு விடுவார். காலில் எத்தனை வலி வந்தாலும் அவருக்குச் சரி. மேலே வரக்கூடாது.

அதைக் கண்டுபிடித்த நாளில் இருந்து என் ஓட்டம் கெட்டது. அவருடைய முதுகுக்குப் பின்னால் ஓடுவேன், அவருடைய மூச்சை மட்டும் கேட்பேன். உஸ், உஸ் என்று ஒழுங்காக வரும். காற்று மாறி அடித்தால் கேட்காது. கேட்காத அந்தக் கொஞ்ச நேரத்தில் எட்டி எட்டி அடி வைப்பேன். கிட்டப் போய்விடுவேன். “ஏன் பிள்ளை குதியை மிதிக்கிறாய்?” என்று ஏசுவார். திரும்ப மூச்சுக் கேட்கும். அப்பாடா. பிறகு திரும்பவும் காற்று.

அப்பாவோ நாளுக்கு நாள் உசாரானார். ரோட்டை விட்டுக் கடற்கரையால் அடுத்த ஊரான கீரியின் பக்கம் போகத் தொடங்கினோம். கடைசி மீன்வாடிக் கொட்டிலைத் தாண்டினால் வீடு இல்லை, ஆள் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனையும் உடைமரமும். அப்பாவுக்கு அந்த இடம்தான் பிடிக்கும். எனக்கு அந்த இடத்தில்தான் முதுகு கூசும்.

அன்று சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. அப்பாவின் மூச்சு எனக்குக் கேட்கவே இல்லை, அவருடைய சேர்ட் படபடக்கிற சத்தம்தான் கேட்டது. வீடுகளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். திடீரென்று நின்றார்.

“முழங்கால் கொஞ்சம் சரியில்லை. இருப்பம்.”

கை முழங்காலில் இல்லை. நெஞ்சுக்கும் இடது தோளுக்கும் நடுவில் இருந்தது.

மணலில் இருந்தார். இருந்தவர் சரிந்தார். அந்தக் காற்றிலும் முகம் முழுக்க வேர்வை. தொட்டால் குளிர்ந்தது. நிறம் சாம்பல்.

“அப்பா, எங்க நோகுது? உண்மையைச் சொல்லுங்கோ!”

“முழங்கால்தான்” என்றார் மறுபடியும். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அம்மாட்டச் சொல்லாதை. சப்பாத்தை எரிச்சுப்போடுவா” என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

சுற்றிப் பார்த்தேன். கடலில் தூரத்தில் போட்டுகள், கத்தினாலும் கேட்காது. போன் வீட்டில் சார்ஜில். அவரை விட்டுவிட்டுப் போகவும் பயம். போகாமல் இருக்கவும் பயம். துவாயை மடித்துத் தலைக்கு வைத்தேன். “அசையாதேங்கோ. இந்தா வாறன்” என்றேன். எப்படி ஓடத் தொடங்கினேன் என்றே எனக்கு இப்போது ஞாபகம் இல்லை, கால் தானாக ஊரைப் பார்த்து ஓடியது. திரும்பிப் பார்த்தால் அவர் எழும்பியிருக்கமாட்டார் என்று தெரியும். அதனால் திரும்பவில்லை.

கடைசி வாடியடியில் மாமியும் இன்னும் மூன்று நான்கு பெண்களும் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கி ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள்.

“பாருங்கோடி, இண்டைக்கு அப்பாவை முந்திப்போட்டாள்!”

“பிள்ளை, அப்பா எங்க? கழுதையில வாறாரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன், மூச்சுத்தான் வந்தது. சொல் வரவில்லை. “அப்” என்றேன், மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது. எதிரே மோட்டார்சைக்கிளில் வந்த அண்ணன் ஒருவர் ஹோர்ன் அடித்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். போயே விட்டார்! என் வாழ்க்கையில் ஒரு ஆளின் முதுகைப் பார்த்து அவ்வளவு பயந்ததில்லை.

மாமி குனிந்து மீனை எடுக்கப் போனார். போகிற போக்கில் என் காலை ஒருக்காப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கியது. நான் சப்பாத்துப் போட்டிருந்தேன். நான் செத்து விழுந்தாலும் இந்த ஊர் எனக்குக் கைதட்டும்.

அதிலேயே குந்தி நாடாவை இழுத்தேன். இரட்டை முடிச்சு. யூடியூப்பில் சொல்லித் தந்தபடி, அவிழாத முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது. கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது, அது மட்டும் எப்படி வந்ததோ தெரியாது. குதியை அழுத்தி, தோல் உரிய, இரண்டையும் கழற்றி ஒன்றை மாமியின் பக்கமாகவே எறிந்தேன். வெறுங்காலோடு எழும்பி நாலு எட்டு ஓடியிருப்பேன். நெருஞ்சி முள்ளும் சிப்பியும் ஏறியது.

பின்னால் கடகம் விழுகிற சத்தம் கேட்டது.

“ஐயோ மாதாவே! ஆர்? ஆருக்கு?”

பிறகு ஊரே எழும்பியது. ஒவ்வொரு வேலிப் படலையும் திறந்தது. மாமி என்னை இரண்டு தோளிலும் பிடித்து உலுக்கினார். நான் கடற்கரையைக் கையால் காட்டினேன். “அப்பா. நெஞ்சு.” அவ்வளவுதான் வந்தது.

“மணலுக்குள்ள ஓட்டோ போகாது” என்றது ஒரு குரல். “போட்டை இறக்கு!” என்றது இன்னொன்று. அப்போதுதான் கரைக்கு வந்து மீன் இறக்கிக்கொண்டிருந்த மாமியின் மகன்மார் இருவரும் மீன் பெட்டிகளை அப்படியே மணலில் கவிழ்த்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தோளைக் கொடுத்துப் போட்டைத் திரும்பத் தள்ளினார்கள். என்னையும் தூக்கிப் போட்டார்கள். எஞ்சின் பிடித்தது. கரையை ஒட்டிப் போனோம். தூரத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் இரண்டு தெரிந்தன. அசையவில்லை. மிதவை மாதிரி என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டே எனக்குத் தெரிந்த செபம் எல்லாவற்றையும் பாதி பாதியாகச் சொன்னேன்.

அப்பா கண்ணைத் திறந்து வைத்திருந்தார். வலைக்கு மேல் படுக்க வைத்தார்கள். அவர் காலைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தார்.

“என்ன மாமா செய்யிறியள்?”

“சப்பாத்து நனையுது.”

“நனைஞ்சா என்ன, பேசாமக் கிடவுங்கோ மாமா!” என்று மாமியின் மூத்த மகன் கத்தினான். கத்தும்போதே அழுதான். நான் அப்பாவின் மூச்சைக் கேட்கப் பார்த்தேன். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. காதை நெஞ்சில் வைத்தேன். ஊர்க் கரையில் வான் வண்டி தயாராக நின்றது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் காதை எடுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். மன்னாரில் ஊசி போட்டு, பிறகு யாழ்ப்பாணம் அனுப்பி, இரத்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். அம்மா அங்கேயே டொக்டரோடு சண்டை. “ஓடினதாலதானே இது வந்தது, டொக்டர்?” “ஓடாவிட்டாலும் வந்திருக்கும் அம்மா, முந்தியே வந்திருக்கலாம்” என்றார் டொக்டர். அம்மா நம்பவில்லை. அப்பா நம்பினார். நான் யாரை நம்புவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சப்பாத்தை அம்மா எரிக்கவில்லை. ஒரு நாள் கூரையில் காயப்போட்டிருந்ததைக் கண்டேன். என்னுடையதில் ஒன்றை மாமி எடுத்து வைத்திருந்தார். மற்றதை நாய் கொண்டுபோய்விட்டது.

சில மாதம் கழித்து அப்பா நடக்கத் தொடங்கினார். பிறகு நடையும் ஓட்டமுமாக. மாமி பழைய சட்டத்தை ரத்துச் செய்துவிட்டார். “இனிக் காலைப் பாக்கமாட்டம் தம்பி. குரல் தாங்கோ. ஒவ்வொரு வீட்டடியிலயும் ஒரு குரல் தந்திட்டுத்தான் போகவேணும்.” ஆகவே இப்போது அப்பா கந்தோரில் வரவு சொல்வது மாதிரி, ஒவ்வொரு வேலிக்கும் “ஓம், போறன்!” என்று சொல்லிக்கொண்டு போகிறார். உள்ளே இருந்து “ஓம், ஓம்” என்று பதில் வரும். சொல்ல மறந்தால் கதவு திறக்கும்.

கடைசி வாடியடியில் திரும்பிவிடுவோம். அதுதான் அம்மாவோடு ஒப்பந்தம். போன லீவுக்கு நான் வந்திருந்தபோது அப்பா அந்த இடத்தில் நின்று கீரிப் பக்கம் பார்த்தார். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மணலில் யாரும் இல்லை.

“கொஞ்சத் தூரம் போவமோ பிள்ளை?”

“அம்மாவுக்கு?”

“சொல்லாதை.”

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். சாய்வுக் கதிரையைத் தாண்டும்போது இருக்கிற முகம் இல்லை அது. காற்சட்டைப் பையில் போன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

“ஓம், போவம். மெல்ல.”

அவர் முன்னால் போனார். நான் பின்னால், மூச்சைக் கேட்டுக்கொண்டு. என் புதுச் சப்பாத்து காலில் கழன்று கழன்று வந்தது. இப்போதெல்லாம் நான் நாடாவை இறுக்கிக் கட்டுவதில்லை.