பீடத்துக்கு மேலே ஒரு நீலத் திரை

தேவாலயத்தில் பாட்டு வரிகள் தெரிய வேண்டிய பெரிய திரையில், பீடத்துக்கு நேர் மேலே, பளிச்சென்று ஒரு நீலத் திரை வந்து நின்றது. ‘ஏதாவது ஒரு கீயைத் தட்டு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. தட்ட வேண்டியவன் நான். நானோ வாசலில் உட்கார்ந்து கேமரா கேபிள் மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பாடகர் குழுவிலிருந்து ஒரு ஆன்ட்டிதான் குரல் கொடுத்தார்.

“தம்பி, ஸ்கிரீன்ல என்னமோ கவுன்ட்டவுன் ஓடுது! முடிஞ்சதும் நாங்க பாட ஆரம்பிக்கணுமா?”

டேப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் நொடிகள் தீர்ந்து திரை கறுத்துவிட்டது.

1. யாரும் கேட்காத அப்டேட்

கல்யாணம், ஞானஸ்நானம், துக்கம் எதுவானாலும் நேரலையில் காட்டுவது எங்கள் வேலை. ‘எங்கள்’ என்றால் முதலாளி ரீட்டா அக்காவும் நானும். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தேன். சேர்ந்தவுடன் அக்காவை நச்சரித்து, ஒளிபரப்புக் கணினியை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்ற வைத்தேன்.

“இப்ப இருக்கிற சிஸ்டம் நம்மளக் கேக்காம நடுவுல அப்டேட் போட்டுரும்க்கா. லினக்ஸ் நாம சொன்னாத்தான் செய்யும்.”

அன்றைய கல்யாணம் செங்காங் பக்கம் ஒரு தேவாலயத்தில். மணப்பெண் ஜெனிட்டா தஞ்சாவூர்க்காரர். இங்கே ஒரு ஐடி கம்பெனியில் வேலை. அவருடைய அம்மா விசா, டிக்கெட் எல்லாம் எடுத்துவைத்திருந்த நேரத்தில் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, போனில் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கப்போகிறார். எங்கள் நேரலை முழுக்க அந்த ஒரு போனுக்காகத்தான்.

சீக்கிரமே போய் எல்லாவற்றையும் பொருத்தினோம். மூன்று கேமராவும் ஓடின. பாட்டு வரிகள் காட்டும் பெரிய திரையையும் அதே கணினியில்தான் இணைத்திருந்தோம். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. புத்தியுள்ளவன் அத்தோடு கீழே போய் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ குடித்திருப்பான். நான் கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியின் இணையதளத்துக்குப் போனேன். கார்டை இயக்கும் மென்பொருள், அதாவது டிரைவர், புதிதாக வந்திருந்தது. நேரலை இன்னும் வழவழப்பாக ஓடும் என்று போட்டிருந்தது. கை அரித்தது.

லினக்ஸோடு சும்மா வரும் டிரைவரில் படம் தெரியும், அவ்வளவுதான். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் பாரத்தைக் கார்டின் தலையில் ஏற்ற, கம்பெனி தரும் டிரைவர்தான் வேண்டும். பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். அது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது. கணினி மறுபடி எழும்போது ஒரு நீலத் திரை வரும். அதில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் கணினி புது டிரைவரை நம்பும். கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டி, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு, டேப் ஒட்டப் போனேன். மீதிக் கதையை அந்த ஆன்ட்டி சொல்லிவிட்டார். நீலத் திரைக்குப் பதில் வராததால் கணினி புது டிரைவரை ஏற்க மறுத்தது; நேரலைக்கு ஒரு கேமராவும் வரவில்லை.

2. விசாரணை

“கார்த்தி, காலைல எல்லாம் ஓடுச்சுதானே?” என்றார் ரீட்டா அக்கா.

“ஓடுச்சுக்கா.”

“அப்புறம் என்ன பண்ண?”

“அப்டேட்.”

“யாரு கேட்டா?”

“யாரும் கேக்கலக்கா.”

“லினக்ஸ் கேக்காம அப்டேட் பண்ணாது, சரி. நீ பண்றியே லா!”

நீலத் திரையைத் திரும்ப வரவழைத்தேன். இந்த முறை கீயைத் தட்டினேன். கடவுச்சொல் கேட்டது. என்ன வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் பெயர், எங்கள் சுவா சூ காங் வீட்டு புளோக் எண், எல்லாம் போட்டுப் பார்த்தேன். முடியாது என்றது. பாதுகாப்பு அம்சம் பிரமாதமாக வேலை செய்தது. என்னிடமிருந்து கணினியைக் காப்பாற்றிவிட்டது.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“பொண்ணு வந்துடுச்சு. அவங்க அம்மா ஆன்லைன்ல காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரே ஒரு கேமராவாவது வருமா வராதா? அதை மட்டும் சொல்லு.”

“வரும்க்கா. ஆனா படம் கொஞ்சம் மங்கலா இருக்கும்.”

“மங்கலா இருந்தா பரவால்ல. இருட்டாத்தான் இருக்கக்கூடாது.”

புது டிரைவரைப் பிடுங்கி எறிந்தேன். லினக்ஸின் சும்மா டிரைவரிலேயே கணினியை எழுப்பினேன். படம் சுருக்கும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுந்தது. அது தாங்காது என்பதால் இரண்டு கேமராவை நிறுத்தி, படத்தின் அளவையும் குறைத்தேன். பின்னால் உயரத்தில் இருந்த கேமரா மட்டும் மிஞ்சியது. கோயில் முழுவதும் அதில் தெரியும். மணப்பெண் உள்ளே காலெடுத்து வைத்தபோது நேரலையும் ஆரம்பித்தது.

3. முழங்காலில்

பிராசஸரின் சூடு சிவப்புக் கோட்டைத் தொட்டது. கணினி ஓரத்தில் ஒரு தூணுக்கு அருகே தரையில் இருந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதன் முன் முழங்காலிட்டேன். கையில் கிடைத்த திருப்பலிப் புத்தகத்தால் விசிறினேன். வாசகம், மறையுரை, எல்லாரும் நின்றது, உட்கார்ந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. விசிறுவதை நிறுத்தினால் சூடு ஏறியது. சூடு ஏறினால் படம் திக்கியது. தாலி கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு விசிறினேன். நான் இந்து. அந்த நேரத்தில் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. படம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து ஆபீஸில் ஒரு சட்டம்: வேலை நாளில் கணினியைப் பொருத்திச் சரிபார்த்த பிறகு கீபோர்டு ரீட்டா அக்காவின் கைப்பைக்குள் போய்விடும். இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். ஓடுகிற டிரைவர்தான் நல்ல டிரைவர். புதியதைப் போட்டுப் பார்க்க சும்மா இருக்கும் திங்கட்கிழமைகள் இருக்கின்றன.

கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை ஜெனிட்டா ஆபீஸுக்குப் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். நான் மன்னிப்பு கேட்கத் தயாராக எழுந்து நின்றேன்.

“அம்மா முழுசா பாத்துட்டாங்க அக்கா. ஒரே அழுகை. உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. தூண் பக்கத்துல ஒரு பையன், பூசை ஆரம்பிச்சதுல இருந்து முடியிற வரைக்கும் கையில புக்கோட முழங்கால்லயே இருந்தானாமே? இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியான்னு ஆச்சரியப்படுறாங்க. அம்மாவோட காலுக்காகவும் அந்தப் பையனை வேண்டிக்கச் சொல்லணுமாம்.”

ரீட்டா அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“சொல்லிடுறேம்மா,” என்றார். “அவன் வேண்டினா கண்டிப்பா நடக்கும். என் கண்ணால பாத்தேன்.”