காற்பந்து வாத்தியார் கேட்ட டப்பா

1930-களின் தொடக்கம். கோலாலம்பூர் ரயில்வேயில் நான் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பின்னாலிருந்த திடலுக்குச் சனிக்கிழமைதோறும் ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் காற்பந்து பழக்கினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு காசு வாங்கவில்லை, பந்துகூட அவருடையதுதான். அதுவே எனக்கு உறுத்தியது. ஆபீஸில் கிளார்க்குகளாக இருந்த அவர் ஊர்க்காரர்கள், இந்தியாவிலிருந்து வந்த எங்களோடு அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. இவருக்கு மட்டும் எங்கள் பிள்ளைகள்மேல் என்ன அக்கறை?

ஒரு நாள் அடுப்படி மூலையில் ஒரு சிகரெட் டப்பா கிடைத்தது. மேலே என் மகனின் பெயர் எழுதிய காகிதம். திறந்தால் உள்ளே மலம். பதினொரு வயதுப் பையனைப் பிடித்து உலுக்கினேன்.

“சார்தான்ப்பா கேட்டாரு. கொண்டு போகலேன்னா டீம்ல சேக்க மாட்டாராம்.”

என் மனைவி நடுங்கிப்போனாள். “பேரும் எழுதி வாங்குறான்னா செய்வினைதாங்க,” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டப்பாவைச் சாக்கடையில் வீசினேன்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும், நானும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் அவர் சைக்கிளை மறித்தோம். பின்னால் கட்டியிருந்த பெட்டி நிறைய டப்பாக்கள்.

“இத வச்சு என்னய்யா செய்யப் போற?” என்று சட்டையைப் பிடித்தேன்.

அவர் கையைத் தட்டிவிடவில்லை. “அண்ணை, உங்கட மகன் மண் தின்னுறவனோ?” என்று கேட்டார்.

என் பிடி தளர்ந்தது. தின்பான். அதற்காக அவனைப் பெல்ட்டால் அடித்திருக்கிறேன். வெளியே யாருக்கும் தெரியாது.

“பத்து நிமிஷம் ஓடினா மூச்சு வாங்கி நிக்கிறான். வயித்தில ரத்தம் குடிக்கிற கொக்கிப் புழு இருக்கும், அதாலதான் மண் தின்னுறான். நான் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரஸ்ஸர். புழு இருக்கோ எண்டு சோதிக்க மலம் வேணுமெண்டு வீடு வீடாப் போய்க் கேட்டனான், கதவைச் சாத்திப்போட்டினம். ஆஸ்பத்திரி எண்டாலே பெடியள் ஓடுறாங்கள். பந்தைக் காட்டினாத்தான் வாறாங்கள்.”

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. மகனை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். சோதித்தார்கள்; புழு இருந்தது. அவர் மருந்தை நீட்டியபோது, “முதல்ல நீங்க குடிங்க,” என்றேன்.

“எனக்குப் புழு இல்லையே அண்ணை,” என்றார், சிரிக்காமல்.

மகன் அன்று முழுக்க வாந்தி எடுத்தான். மனைவி என்னைத் திட்டித் தீர்த்தாள். நான் அவரைத் திட்டினேன். இரண்டு மாதம் கழித்து, கிள்ளான் பையன்களோடு நடந்த ஆட்டத்தில் அவன் கடைசிவரை நிற்காமல் ஓடினான்.

மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. மறுவாரம் அவர் டப்பா கேட்டுக் கதவு கதவாகப் போனபோது நானும் கூடவே நடந்தேன். தங்கள் ஆளான நான் கூட நிற்பதைப் பார்த்துச் சிலர் திறந்தார்கள்.

அந்த மனிதரை அத்தனை கூர்மையாகக் கவனித்த நான், என் பிள்ளை ஏன் மண்ணைத் தின்கிறான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லையே என்பதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது.