டாங்கிகளுக்கு வைத்த பொட்டு

இப்போது புஜைராவில் மகனுடன் வசிக்கிறேன். இங்கே தமிழர்கள் கூடுமிடங்களில் என்னை அறிமுகம் செய்பவர்கள், "சார் குவைத் போரின்போது டாங்கிப் படையோடு இருந்தவர்" என்கிறார்கள். அது பொய்யன்று, ஆகவே நான் மறுப்பதில்லை. அந்தப் படைப்பிரிவு எந்த வழியே முன்னேறியது, எங்கே திரும்பித் தாக்கியது என்று கேட்டால் பிசகின்றிச் சொல்வேன். அவையெல்லாம் பிற்பாடு படித்து அறிந்தவை. நேரில் அறிந்த பகுதி ஒன்று உண்டு. அது எந்த நூலிலும் இல்லை.

அக்காலத்தில் ரியாதைச் சேர்ந்த ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்கு, கிழக்குக் கடற்கரைத் துறைமுகத்தை ஒட்டிய ஓட்டுநர் முகாமின் நிர்வாகியாக இருந்தேன். பொருளாதாரத்தில் முதுகலை படித்தவனுக்கு அது பொருத்தமான பதவியா என்பது வேறு விஷயம். டாங்கிகள் தம் சங்கிலிச் சக்கரங்களில் நெடுந்தூரம் ஓடினால் போர் தொடங்கும் முன்பே தேய்ந்துவிடும். எனவே கப்பலில் வந்திறங்கிய மேலைநாட்டு டாங்கிப் படை ஒன்று, அவற்றைப் பாலைவனத்துக்குக் கொண்டுசேர்க்க எங்கள் டிரெய்லர்களை வாடகைக்கு எடுத்தது. உலகை நடுங்கவைத்த அந்தப் படை, போர்முனை வரை நாமக்கல் ஓட்டுநர்களின் முதுகில் சவாரி செய்தது என்பதே உண்மை.

ஆயுத பூஜை நெருங்கியது. அந்த நாட்டில் நம் வழிபாடுகளை வெளிப்படையாக நடத்த அனுமதியில்லை. தெரிந்தால் ஓட்டுநரை அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "என் ஆட்கள் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள்" என்று எங்கள் கபீலிடம், அதாவது விசா தந்த அரபு முதலாளியிடம், உறுதி அளித்திருந்தேன். முகாமிலும் வண்டிகளிலும் எவ்விதச் சடங்கும் கூடாதென்று தமிழில் ஓர் அறிவிப்பு எழுதிக் கையொப்பமிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டினேன். நல்ல தமிழில் எழுதப்பட்ட அறிவிப்பு.

பூஜையன்று காலை துறைமுகத்துக்குப் போனேன். டாங்கிகளை ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. முதல் வண்டியின் முகப்பில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். துடைத்துவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்தபடி நிமிர்ந்தேன். மேலேயிருந்த டாங்கியின் நெற்றியிலும் பொட்டு. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததில் பீரங்கிக் குழாயின் நுனியில்கூட.

மூத்த ஓட்டுநர் கையில் குங்குமத்தோடு நின்றார்.

"என்னய்யா இது? நோட்டீஸைப் படிக்கலையா?"

"படிச்சனுங்க சார். அருமையா எழுதீருந்தீங்க."

"வண்டிக்கு வைத்தது போதாதென்று இதற்கு வேறா?"

"கீழ இருக்கறதுக்கு வெச்சுப்போட்டு மேல இருக்கறதுக்கு வெக்காம உட்டா கோவிச்சுக்காதுங்ளா? ஊர்ல ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் வெக்கறோம். இது நெசமாலுமே ஆயுதமுங்க சார்."

தர்க்கத்தில் குறை காண முடியவில்லை. அதற்குள் ஜீப் வந்து நின்றது. படை அதிகாரி ஒருவரும் அவர் பின்னால் கபீலும் இறங்கினார்கள். அதிகாரி சிவப்புப் பொட்டைச் சுட்டி, இது என்ன குறி என்று என்னைக் கேட்டார். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்தார். ஊரில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பது எனக்குத் தெரியும்.

"பரிசோதனைக் குறி. டாங்கியைப் பிணைத்த சங்கிலியைச் சரிபார்த்த வண்டிகளுக்கு வைப்போம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் குறித்து எவரும் குறை சொன்னதில்லை.

அதிகாரி கபீலைப் பார்த்தார். கபீல் பொட்டை ஒரு கணம் பார்த்தார், என்னை ஒரு கணம் பார்த்தார். பல்லாண்டு நம்மவர்களோடு பழகியவர். அவருக்குப் புரியவில்லை என்று இன்றும் நான் நம்பவில்லை. "எங்கள் கம்பெனியில் எப்போதும் இப்படித்தான்" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

அதிகாரி மகிழ்ந்தார். பிறகு வரிசையின் மறுகோடியைப் பார்த்தார். "அப்படியானால் குறியில்லாதவை பரிசோதிக்கப்படவில்லை. குறி வைக்காமல் ஒரு வண்டியும் நகரக்கூடாது."

பரிசோதனையை நானே முன்னின்று நடத்தவேண்டியதாயிற்று. நடுவிலேயே குங்குமம் தீர்ந்தது.

"மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்குனா ஆரத்திச் செவப்பு வருமுங்க" என்றார் ஓட்டுநர். சமையற்கூடத்திலிருந்து மஞ்சளும் துறைமுகத்தில் கட்டட வேலை செய்த கொத்தனார்களிடமிருந்து சுண்ணாம்பும் வந்தன. "அப்புறம் சூடம் காட்டாம எப்படிங்க சார்?"

"சூடம் கிடையாது. கலாஸ், பேச்சு முடிந்தது."

"சரி, எலுமிச்சங்காயாவது?"

பேரத்தில் எலுமிச்சம்பழத்துக்கு இணங்கினேன். டயர்களின் அடியில் பழங்களைக் கண்ட அதிகாரி மறுபடியும் என்னிடம் வந்தார். நசுங்கும் விதத்தைக் கொண்டு டயரின் காற்றை அறிவோம் என்று விளக்கினேன். வண்டிகள் நகர்ந்தபோது படைவீரர்கள் சிலர் குனிந்து, நசுங்கிய பழங்களை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்கள்.

"சார், நீங்க ஐயரு வேலைக்கே போயிருக்கலாம்" என்று யாரோ ஒரு வண்டியின் உள்ளிருந்து கத்தினான். எவன் என்று நான் விசாரிக்கவில்லை.

போர் தொடங்கியது, விரைவில் முடிந்தும்போனது. வெற்றிக்குக் காரணங்கள் பல என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

டாங்கிகள் திரும்பி வந்து, ஏற்றுவதற்காகப் பாலைவனத்தில் காத்துநின்றன. மணற்காற்றில் பொட்டுகள் அழிந்திருந்தன. அதே அதிகாரி சற்றே சங்கடத்துடன் என்னை அணுகினார். குறி வைக்காமல் வண்டியை ஏற்ற வீரர்கள் சம்மதிக்கவில்லையாம். தம் டாங்கிகளுக்கு ஒரு கீறலும் விழாததற்கு எங்கள் பரிசோதனைதான் காரணம் என்கிறார்களாம்.

ஓட்டுநரைக் கூப்பிட்டேன். டிரெய்லரின் அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"கையெல்லாம் கிரீஸுங்க சார். நீங்களே வெச்சுடுங்க."

சுற்றிலும் வீரர்கள். சற்றுத் தள்ளிக் கபீல். "யல்லா, யல்லா" என்று அவர் அவசரப்படுத்திக் கையை அசைத்தார். எதிர்த்துப் பேச என்னிடம் இருந்த ஒரே சான்று, நான் ஒட்டிய அறிவிப்பு. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு முதல் டாங்கியின் முன் போய் நின்றேன்.

"சார், ஆட்காட்டி வெரல் ஆகாதுங்க. மோதர வெரலு."

மோதிர விரலால் வைத்தேன். வரிசையின் கடைசி வரை.

"அந்த நோட்டீஸக் கிழிச்சுப்போடலாங்ளா சார்?" என்று கேட்டார் ஓட்டுநர், கையைத் துடைத்தபடி.

"வேண்டாம். விதி விதிதான்" என்றேன். சிவந்திருந்த விரலைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தேன்.