வரிச் சீட்டில் என் பெயர்

அண்ணனின் வீட்டை நான் எடுத்துக்கொண்டேனா? ஒரு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். தோட்டத்துப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அந்தக் குடும்பத்துக்குத்தான் காம்பரா என்கிற லயத்து அறை. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அப்பா லிந்துலை டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினார். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பாவும் போன பிறகு சபை அலுவலகத்துக்கு வீட்டு வரி கட்டப் போனது நான்தான். அண்ணனுக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. மரணச் சான்றிதழைக் காட்டியதும், சீட்டில் அப்பாவின் பெயரை மாற்றி என் பெயரை எழுதித் தந்தார்கள். அத்தோடு வீடு எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். உயர்தர வகுப்பு வரை படித்தவள்தான். ஆனாலும் வீடு வாங்கியபோது எழுதிய பத்திரம், அப்பாவின் உறுதி, டிரங்குப் பெட்டியில் கிடந்தது; அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வரிச் சீட்டுக்குத்தான் பிளாஸ்டிக் உறை போட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழோடு வைத்தேன்.

போன வருட மழையில் பின்சுவர் வெடித்தது. மகள் தவழத் தொடங்கியிருந்தாள். "பிள்ளை படுக்கிற எடம், மொதல்ல கட்டுங்க" என்று அண்ணனும் போனில் சொன்னார். பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். வரி மட்டும் அப்பா கட்டிய அதே வரிதான் இருக்கும் என்று நம்பினேன்.

போன மாதம் சபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார்.

"பழைய வரி இனி இல்லம்மா. புது வீட்டுக்குப் புதுசா மதிப்புப் போடணும். உறுதிய எடுத்துட்டு வாங்க."

பெருமையாக உறையை நீட்டினேன்.

"இது வரி கட்டின சீட்டு."

"என் பேருதானே மிஸ் இருக்கு?"

"யாரு கட்டுறாங்கன்னுதான் இதுல இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கட்டினாலும் வாங்கிக்குவோம். அதுக்காக வீடு அவருக்கா?"

உறுதியைத் தேடிக் கொடுத்தேன். வாசித்தார்.

"இன்னும் அப்பா பேருலதான் இருக்கு. உயில் எழுதினாரா?"

"இல்ல மிஸ்."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அண்ணன்."

"அப்ப பாதி அவருக்கு. அவரு கையெழுத்து இல்லாமலா இடிச்சீங்க?"

அவர் போன பிறகும், ஆசைப்பட்டு நானே பார்த்து வாங்கிய மாபிள் தரையில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அன்று பின்னேரமே அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"என்னா தங்கச்சி, வீடு பங்களா மாதிரியாமே? நமக்கு ஒரு காம்பரா இருக்கா, இல்ல கோழிக்கூட்டுலதானா?"

எப்போதும் செய்கிற கேலிதான். முந்தின நாள் என்றால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அன்று "வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"மொதல்ல உறுதி எழுதுற நொத்தாரிசுகிட்ட கேட்போம், அண்ணன்கிட்ட அப்புறம் பேசலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர். அப்படிப் போனது தெரிந்தால், தனக்குத் தெரியாமல் வீட்டை என் பெயருக்கு எழுதிக்கொள்ளப் பார்த்தேன் என்று அண்ணன் நினைக்க மாட்டாரா? நொத்தாரிசிடம் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் அண்ணனிடம் கையெழுத்துக் கேட்டால், எதற்கு என்பதற்கு நான் என்ன சொல்வேன்? கட்டச் சொன்னவர் அவர்தான். ஆனால் சீட்டில் பெயர் மாற்றியதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. மறைக்க நினைக்கவில்லை. சொல்லவும் தோன்றவில்லை.

தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள்: நொத்தாரிசிடம் முதலில் போவதா, அண்ணனிடம் முதலில் பேசுவதா? அண்ணனிடம் என்றால், எந்த வார்த்தையில் தொடங்குவது?