பிரிண்டர் இல்லாத வீடு

கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் நான் கொம்பியூட்டர் படிப்பிக்கிறேன். அதனால் குடும்பத்தில் யாருடைய மெசின் பழுதானாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். கல்லடியில் இருக்கும் அக்கா மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெசின் ஆமைபோல ஊர்கிறதாம். எதைத் திறந்தாலும் பரிசு விழுந்திருக்கிறது, வைரஸ் இருக்கிறது என்று பெட்டி பெட்டியாக முன்னால் வந்து நிற்கிறதாம். ஒரு சனிக்கிழமை காலை போனேன். மகளை நடன வகுப்பில் விட்டுவிட்டு வந்து அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

அத்தான் கட்டாரில் வேலை செய்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். எங்கள் அம்மாவுக்குக்கூட என்னைவிட அவரைத்தான் பிடிக்கும். அன்றைக்கும் அக்கா அவர் அனுப்பிய புதிய மிக்சி ஒன்றைக் காட்டினாள்.

"நான் ஒண்டும் கேக்கல்ல புள்ள. இப்பிடியொண்டு வாங்கினா நல்லமெண்டு கொம்பியூட்டர்ல சும்மா பாத்தன். அடுத்த மாசம் வந்திட்டு. போன முறை சாறியும் அப்பிடித்தான். என்ட மனசு அவருக்குத் தெரியும்."

எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. கொடுத்து வைத்தவள் என்றுதான் நினைத்தேன்.

வேலை முதலில் சுலபமாகத்தான் போனது. இலவசமாகப் படம் பார்க்கும் தளங்களிலிருந்து தெரியாமல் ஏறிய சாமான்கள் நாலைந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அகற்றினேன். அறிவித்தல் அனுப்பலாம் என்று அவள் கண்ட கண்ட தளங்களுக்கு எல்லாம் சம்மதம் கொடுத்திருந்தாள். அதையும் நிறுத்தினேன். அணைத்துத் திரும்பப் போட்டபோது பெட்டிகள் வரவில்லை. அக்கா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.

ஆனால் மெசின் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. எதுவும் திறக்காமலே இன்டர்நெட் போய்க்கொண்டிருந்தது. பின்னால் என்ன ஓடுகிறது என்று பட்டியலைப் பார்த்தேன். பிரிண்டருக்கு உதவி செய்யும் புரோகிராம் என்று ஒன்று இருந்தது.

"அக்கா, வீட்டில பிரிண்டர் இரிக்கா?"

"இல்ல. எப்பவும் இருக்கல்ல."

அது இருந்த இடத்தைத் தேடிப் போனேன். மறைத்து வைத்த ஒரு ஃபோல்டர். அதற்குள் ஆயிரக்கணக்கான படங்கள். எல்லாம் இதே திரையின் படங்கள், சில நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்தவை. சாறிகள், மிக்சிகள், மகளின் பாடம். கூடவே ஒரு எழுத்துக் கோப்பு. அதில் அவள் தட்டிய ஒவ்வொரு சொல்லும் இருந்தது, கடவுச்சொற்கள் உட்பட. எனக்கு அவள் எழுதியவையும் இருந்தன. முதல் படத்தின் திகதியைப் பார்த்தேன். அத்தான் லீவு முடிந்து விமானம் ஏறியதற்கு முதல் நாள்.

கடைசிப் படத்தைத் திறந்தேன். நான் சற்று முன் திறந்த அந்தப் பட்டியல்தான் அதில் இருந்தது.

அக்காவின் போன் அடித்தது. அத்தான்தான். அவள் தேத்தண்ணியோடு என் பக்கத்தில் வந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன்ட தங்கச்சி வந்திரிக்காவோ?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வருவதை அவள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் திரையைக் காட்டினேன். முழுதும் விளங்கியிருக்காது. ஆனாலும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஓம், சும்மா வந்தவ. கொம்பியூட்டர் ஓஃப்ல கிடக்கு."



"ஓன்லதானே கிடக்கு," என்றார், வழமையான அதே மெல்லிய குரலில். "அதை ஒருத்தரும் தொட வேணாம். நான் வரக்கொள்ள பாக்கிறன்."

போனை வைத்ததும் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தாள். அழவில்லை.

"என்ட மெயிலையும் பாக்கலாமா அவருக்கு?"

"பாக்கலாம். எழுதவும் ஏலும்."

அவள் என் போனை வாங்கித் தன் மெயிலைத் திறந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலக வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். பதிலே வரவில்லை என்று எனக்கும் சொல்லிக் கவலைப்பட்டிருந்தாள். அழித்தவை கிடக்கும் இடத்தில் அந்தப் பதில் இருந்தது. நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதன் கீழே அவளுடைய பெயரிலேயே ஒரு மறுமொழி: குடும்பக் காரணங்களால் எனக்கு இந்த வேலை வேண்டாம், மன்னிக்கவும்.

அக்கா இரண்டு தரம் வாசித்தாள்.

"நான் இதை எழுதல்ல புள்ள."

மறுமொழி போன நேரத்தைப் பார்த்தாள். மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் தான் காத்திருந்த பின்னேரம் அது என்றாள். "அண்டைக்கு மூண்டு தரம் கோல் எடுத்து மகளுக்கு எப்பிடியெண்டு கேட்டவர்."

அந்தக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்து அவளிடம் கொடுத்தேன். கடவுச்சொற்களை என் போனிலிருந்தே மாற்றினோம். மகளின் படங்களைத் தனியாக எடுத்துவிட்டு, மெசினை முற்றாக அழித்துப் புதிதாகப் போட்டேன். அதற்குள் அவருடைய அழைப்பு பதினொரு தடவை வந்துவிட்டது. அக்கா எடுக்கவில்லை. பின்னேரம் தானாகவே கூப்பிட்டுப் பேசினாள். நான் வெளியே வளவில் நின்றேன். அவள் கேட்டதற்கு அவர் இல்லையென்றும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லையாம். உன்னில் அக்கறையில்லாவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்கு நேரில் போனாள். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அடுத்த முறை பார்ப்போம் என்றார்களாம்.

மூன்று கிழமை கழித்து, லீவில் வந்த ஒருவரிடம் அத்தான் புதிய லெப்டொப் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். பழையதை எறிந்துவிடச் சொல்லிச் செய்தியும் வந்தது. என்னை வரவழைத்துத்தான் அக்கா பெட்டியைப் பிரித்தாள். பொத்தானை அழுத்தியதும் அவளுடைய பெயர் போட்டு வரவேற்றது. கடவுச்சொல் கேட்கவில்லை. பின்னணியில் அவளும் மகளும் வாசலில் நிற்கும் படம்.

"இந்தப் படம் நான் அவருக்கு அனுப்பல்ல," என்றாள்.

அணைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தோம். அடுத்த மாதம் அவர் லீவில் வருகிறார். நான் புறப்படும்போது அக்கா வாசல் கேற் வரை வந்தாள்.

"அவர் வாற அண்டைக்கு நீயும் இஞ்ச வந்து நில்லு புள்ள."

"ஓம்," என்றேன். கேற்றைப் பூட்டும் சத்தம் கேட்டது. பகல் பதினொரு மணிக்கு அவள் அதைப் பூட்டி நான் அதுவரை பார்த்ததில்லை.