கடல் திருப்பித் தந்த பேரரசி

மராத்தி பேசும் ஊரில், மகர்பட்டாவில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும், நாற்பது வயதில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். வருடக் கடைசித் தேர்வில் அந்த நாட்டு வரலாற்றில் வரும் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். எண்ணூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பேரரசியை எடுத்துக்கொண்டேன். முதலில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

அம்மா பட்டாணி உரித்தபடி கேட்டாள். பெரிய படைக்குடும்பத்துப் பெண், சக்கரவர்த்திக்கு மனைவியானாள். மகன் குழந்தையாக இருக்கும்போதே அரியணை ஏறினான். கணவன் சின்ன வயதிலேயே இறந்தான். பிறகு போர் மூண்டது. பிறந்த வீட்டார் கடலில் நடந்த கடைசிச் சண்டையில் தோற்றார்கள். அவளைப் பெற்றவளே பேரனை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தாள். இவளும் குதித்தாள். ஆனால் எதிரி வீரன் ஒருவன் கூந்தலில் கொக்கியை மாட்டி இழுத்துக் கரைசேர்த்துவிட்டான்.

அம்மாவின் கை நின்றது. "ஏட்டி, பிள்ளையும் போயிட்டான். அப்புறம் எதுக்கு உசிரோட இருந்தா?"

மறுநாள் வகுப்பில் மராத்திக்கார ஆசிரியையிடம் அதையே கேட்டேன். "அவளும் போயிருந்தால் செத்தவர்களுக்காகப் பிரார்த்திக்க யார் மிச்சம்?" என்றார் ஹிந்தியில். மீதிக் கதையையும் அவரே சொன்னார். அதை அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

பேரரசி துறவியாகி, மலையோரம் ஒரு குடிசையில் இருந்தாள். அவள் குடும்பத்தின் எதிரிகளோடு சேர்ந்துகொண்ட மாமனார் ஒருநாள் பார்க்க வந்தார். அவள் பூப்பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அவரு முன்னால வந்தாளா?"

"கூச்சப்பட்டா. ஆனாலும் வந்து உக்காந்து, நடந்ததையெல்லாம் சொன்னாம்மா."

"திட்டலயா?"

"இல்ல. அழுதா, அவ்வளவுதான்."

"லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸ்ல உங்கப்பா போனப்ப, துக்கம் கேக்க வந்தவங்க முகத்தையே நான் பாக்கல. ரூம விட்டு வெளிய வரல. இவ ராணியா இருந்தவ. அந்தக் கோலத்துல வந்து உக்காந்திருக்காளே!"

எனக்கு அப்போது மூன்று வயது. அம்மா எதற்கும் கலங்காதவள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

தேர்வில், எழுதி வைத்திருந்த 'பரிதாபத்துக்குரிய அரசி' என்பதை விட்டுவிட்டு, 'நான் மிகவும் மதிக்கும் பெண்' என்று சொன்னேன். இரண்டு இடத்தில் இலக்கணம் உதைத்தது. ஆனாலும் பாஸ்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா திருநெல்வேலியிலிருக்கும் சித்தியோடு போனில் இருந்தாள். "ஜப்பான்ல ஒரு ராணி இருந்தா, கேட்டுக்கோ. என்ன தைரியம்ட்டி!" என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.