கடலைப் பூட்டிய தகர மனிதன்

என் தம்பி இனிகோ துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது வேலை. 1976இல் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதினான். ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவள் நான். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் ஊர் திரேஸ்புரத்தில் அப்படியொரு கதையை எவரும் யோசித்ததில்லை.

வேறு கோளிலிருந்து ஒரு தகர மனிதன் வருகிறான். நம் கடலைப் பூட்டிவிடுகிறான். முத்துக்குளிக்க முடியாத ஊர் அவனைச் சபிக்கிறது. சிப்பியெல்லாம் குஞ்சாக இருப்பதால்தான் அவன் பூட்டினான். அவை வளர்ந்ததும் திறந்துவிட்டுப் போகிறான்.

திருவிழாக் கமிட்டித் தலைவர் ரோச் அண்ணாச்சி இந்த முடிவை ஒத்துக்கொள்ளவில்லை. பதினைந்து வருஷமாக அரசாங்கம் முத்துக்குளிப்புக்கு அனுமதி தராத ஆத்திரம் ஊரில் எல்லோருக்கும் இருந்தது.

“கடலைப் பூட்டுதவன் எப்படிலே நல்லவன் ஆவான்? மிக்கேல் சம்மனசு வாளுக்கு அவன் விழணும். இல்லன்னா மேடை கிடையாது.”

சம்மனசு என்றால் வானதூதர்; எங்கள் கோயில் நாடகங்களில் வில்லனைக் கடைசியில் வெட்டுபவர் மிக்கேல்தான். மூன்று நாள், வேலை முடிந்து நேராகப் போய் இனிகோ வாதாடினான். நான்காம் நாள் சலித்துப்போய்ச் சம்மதித்துவிட்டான். எங்கள் நாடகத்தில் வில்லனாக நடித்தவனை அடுத்த திருவிழா வரை தெருவே ஏசும்; அதனால் அந்த வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அவனே போட்டான். ஏழு எண்ணெய்த் தகரங்களை வெட்டி, விளிம்பு கீறாதபடி துணி வைத்துத் தைத்து, சட்டை செய்து கொடுத்தேன். ஆறரை கிலோ.

திருவிழா அன்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து மேடையேறினான். கடலைப் பூட்டியதும் பெண்கள் மண்ணை வாரி எறிந்தார்கள். குஞ்சுச் சிப்பியைப் பற்றி அவன் பேசியது கூச்சலில் எவர் காதிலும் விழுந்த மாதிரி இல்லை. வாள் பட்டதும் விழுந்தான். விழுந்தவனால் எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். நல்ல கைதட்டல்.

மேடைக்குப் பின்னால் இனிகோவின் தகரச் சட்டைக் கம்பிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கடைசி முத்துக்குளிப்பில் சிப்பியெடுக்கக் கடலுக்குள் இறங்கிய வளன் வந்து நின்றார். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“ஏலே, தகர மனுசன் செத்தாச்சு. இனி குஞ்சுச் சிப்பியை யாரு பாத்துக்கிடுவா?”

“சம்மனசு பாத்துக்கிடுவாராம். ரோச் அண்ணாச்சிட்ட கேளுங்க” என்றான் இனிகோ.

வளன் சிரிக்கவில்லை. “அந்தக் குளிப்புல நானும் குஞ்சை அள்ளிருக்கேன்டே” என்று சொல்லி, மணலில் உட்கார்ந்தார்.

இனிகோவும் பாதி அவிழ்ந்த தகரத்தோடு அவருக்கு எதிரே உட்கார்ந்து, ரோச் அண்ணாச்சி வேண்டாமென்ற முடிவை முதல் வசனத்திலிருந்து சொன்னான். கேட்டது ஒரே ஒரு ஆள்; அவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.